பால் வண்டி நிற்காது: லினக்ஸ் லேப்டாப்பில் ஒலித் தாமதத்தைக் குறைப்பது

பென்னாகரம் பக்கத்துக் கூத்துக்களம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேஷக்காரர் முன்னால் நின்று பாடுகிறார். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் மூன்று மீட்டர் பின்னால். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால், பாட்டு மிருதங்கக்காரர் காதை எட்ட ஏறத்தாழ 9 மில்லி விநாடி ஆகிறது. அந்தத் தாமதத்தால் தாளம் தப்புவதில்லை. 30 மீட்டர் தள்ளிப் பாய் விரித்திருப்பவருக்கு 87 மில்லி விநாடி. அவர் கேட்க மட்டுமே செய்கிறார், அவருக்கும் குறையில்லை. ஆனால் அதே பாடகர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, லேப்டாப் எதிரொலி சேர்த்துத் தரும் தன் குரலைக் கேட்டபடி பாடினால், 20, 25 மில்லி விநாடியிலேயே தடுமாறத் தொடங்குவார். 10 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் போதும். மிருதங்கம் இருக்கும் தொலைவுதான் அது.

வெறும் பதிவுதான் நோக்கம் என்றால் இந்தப் பாடே வேண்டாம். மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பலவற்றில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் குரல் கணினிக்குள் நுழையாமலே ஹெட்போனுக்குத் திரும்பும். பாடும்போதே எதிரொலி கேட்க வேண்டும், கீபோர்டைத் தட்டியதும் மென்பொருள் வாத்தியம் ஒலிக்க வேண்டும் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

கிருஷ்ணகிரி கிராமங்களில் சொசைட்டிப் பால் வண்டி குறித்த நேரத்துக்கு வரும், யாருக்காகவும் நிற்காது. லேப்டாப்பின் ஒலிச் சிப்பும் அப்படித்தான். விநாடிக்கு 48,000 துளி (சாம்பிள்) ஒலி என்றால், அவற்றைக் கேன் கேனாக வாங்கிக்கொண்டு போகிறது. இந்தக் கேனுக்குத்தான் பஃபர் என்று பெயர். கேனில் 1024 துளி பிடித்தால் 21.3 மில்லி விநாடிக்கு ஒரு வண்டி, 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. உள்ளே வர ஒரு கேன், வெளியே போக இரண்டு கேன் என்று கணக்குப் போட்டால், 128 துளிக்கு 8 மில்லி விநாடி. யுஎஸ்பியும் ஒலியை எண்ணாக்கும் சிப்பும் இன்னும் ஒன்றிரண்டு சேர்க்கும்.

128 துளி பிடிக்கும் சின்னக் கேன் என்றால் விநாடிக்கு 375 வண்டி. அதில் ஒன்றுக்குக் கேன் வராவிட்டாலும் 'டிக்' என்று ஒரு சத்தம். இதற்கு எக்ஸ்ரன் என்று பெயர். லேப்டாப் எவ்வளவு வேகம் என்பது இங்கே இரண்டாம்பட்சம். ஒரு கேனை நிரப்பப் பழைய லேப்டாப்புக்கும் நேரம் மிச்சமிருக்கும். நடுவில் யார் குறுக்கே வருகிறார்கள் என்பதே கேள்வி. புது லேப்டாப் வாங்கியும் டிக் டிக் சத்தம் போகவில்லை என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை.

இன்றைய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் ஒலியை நடத்துவது பைப்வயர் என்ற மென்பொருள். அதன் இயல்பான கேன் அளவு 1024. பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையில் கேன் அளவைக் குறிக்கும் கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் என்பதை முதலில் 256 ஆக்குங்கள், நிலைத்தால் 128. மதிப்பை 0 ஆக்கினால் பழைய நிலை திரும்பும். பிடபிள்யூ-டாப் கட்டளையை ஓடவிட்டால், இஆர்ஆர் என்ற பத்தியில் தவறிய வண்டிகளின் எண்ணிக்கை தெரியும். இனி ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த எண்ணைப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

ஒலி நிரலுக்கு வரிசையில் முதலிடம் வேண்டும். உங்கள் பயனர் பெயரை ஆடியோ குழுவில் சேர்த்து, லிமிட்ஸ்.டி கோப்புறையில் அந்தக் குழுவுக்கு ஆர்டிபிரையோ 95, மெம்லாக் அன்லிமிடெட் என்று எழுத வேண்டும். முதலாவது முன்னுரிமைக்கு. இரண்டாவது, நிரலின் நினைவகம் டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போய்விடாமல் பிடித்து வைக்க. லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வராமல் இது அமலுக்கு வராது. பலர் தவறுவது இங்கேதான். யூலிமிட் -ஆர் கொடுத்து 95 வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்த குற்றவாளி மின்சாரச் சிக்கனம். வேலை குறைந்ததும் பிராசசர் தூங்கப் போகும், எழுப்பினால் தாமதமாக எழும். பவர் புரொஃபைலைப் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். மெத்தை மேல் வைத்துக் காற்றோட்டத்தை அடைத்தாலோ, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தாலோ, சூடேறி வேகம் தானாக இறங்கும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சத்தம் வந்தால் அனேகமாக இதுதான்.

வைஃபை டிரைவர்களும் சும்மா இருப்பதில்லை. சரியாகச் சில விநாடிக்கு ஒருமுறை சத்தம் வந்தால், வைஃபையை அணைத்துப் பாருங்கள். இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேரடியாகச் செருகுங்கள், வெப்கேமைப் பிடுங்கிவிடுங்கள். புளூடூத் ஹெட்போனை மறந்துவிடுங்கள். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கு மேல்.

திருவிழாக் களத்தில் ஜெனரேட்டரில் ஓட்டும்போது கேட்கும் 'உம்' என்ற ஓசை வேறு வியாதி. அது எர்த் கோளாறு. பஃபரை எவ்வளவு மாற்றினாலும் போகாது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது; ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் வசதி உள்ள டிஐ பாக்ஸை அந்தக் கேபிளின் நடுவே வைக்கலாம். பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் கெட்ட பழக்கம் மட்டும் வேண்டாம், மைக்கைத் தொடுபவர் ஷாக் வாங்குவார். பேட்டரியில் ஓட்டினால் பவர் புரொஃபைல் தானாகச் சிக்கனத்துக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. அவசர வேலைக்கு உடனே வழிவிடும் ரியல்-டைம் கெர்னல் தேவையா? ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தனி ஒட்டுப்போட்டு ஓடிய அந்த வேலை, 2024-ல் வந்த 6.12 கெர்னலில் மூலத்தோடே சேர்ந்துவிட்டது. 128 துளிக்குச் சாதாரண கெர்னலே பெரும்பாலும் போதும். கெர்னலின் துவக்க வரியில் த்ரெட்ஐஆர்க்யூஸ் என்று சேர்த்தால் இன்னும் நல்லது. 64-க்கும் கீழே போகப் பிடிவாதம் பிடிப்பவர்கள் ரியல்-டைமைத் தேடலாம்.

கடைசியில் அளந்து பாருங்கள். இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு கேபிளால் உள்ளீட்டோடு இணைத்து, ஜாக்-ஐஓடிலே நிரலை ஓட்டினால், போய்வரும் மொத்த நேரத்தை அதுவே சொல்லும். அளக்கும்போது ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். பிறகு நீங்கள் பயன்படுத்தப்போகும் எதிரொலி, வாத்தியம் எல்லாவற்றையும் ஏற்றி, அரை மணி நேரம் விடுங்கள். இஆர்ஆர் பத்தி அசையவில்லை என்றால் அதுவே உங்கள் அளவு. அசைந்தால் கேனை ஒரு படி பெரிதாக்குங்கள். 128-லிருந்து 256-க்குப் போனால் கூடுவது 8 மில்லி விநாடி.