பள்ளி நாடகத்தில் துணை வேடமா? தொண்டையைக் கொஞ்சம் கவனியுங்கள்

ஆண்டுவிழா நெருங்கும் மாதங்களில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் என் அறைக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். திக்கல், பேச்சுத் தாமதம், பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சுப் பயிற்சி என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கும், இந்தச் சமயத்தில் தொண்டை கட்டிய பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். இவர்களில் கதாநாயகன், கதாநாயகி வேடம் போடுகிறவர்கள் குறைவு. சூனியக்காரக் கிழவி, கரடி, சந்தைக்காரி, அரண்மனைக் காவலாளி, பின்வரிசைக் கோரஸ், இவர்கள்தான் அதிகம். "மெயின் ரோல்கூட இல்ல மேடம், ரெண்டு பாட்டுக்கு நடுவுல நாலு வசனம்தான், அதுக்கே இப்படித் தொண்டை போயிடுச்சு" என்று அம்மாக்கள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை.

கதாநாயகி வேடம் போடும் பிள்ளைக்குக் கன்னத்தோரம் மைக் மாட்டுவார்கள். பாட்டு மிஸ் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவார், பாட்டின் சுருதியையே அவள் குரலுக்கு ஏற்றாற்போல் வைப்பார்கள். துணை வேடத்துக்கு இதெல்லாம் கிடையாது. மேடை முன்னால் தொங்கும் ஒரே மைக்குக்கு எட்டுகிற மாதிரி கத்த வேண்டும், வேறொருத்தியின் சுருதியில் பாட வேண்டும், தன் காட்சி முடிந்ததும் அவசரமாக உடை மாற்றிக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் ஒருத்தியாக வந்து கூச்சல் போட வேண்டும், யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால் அவள் வசனத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். கணக்குப் பார்த்தால் சில நாடகங்களில் கதாநாயகியைவிட இவள் தொண்டைதான் அதிகம் உழைத்திருக்கும். ஆனால் "சின்ன ரோல்தானே" என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன, குரல்நாண்கள் என்போம். பேசும்போதும் பாடும்போதும் அவை ஒன்றோடொன்று மோதி மோதித் திறக்கின்றன. வளர்ந்த ஆண்களுக்கு நொடிக்கு 100 முறைக்குச் சற்று மேல், பெண்களுக்கு 200 வாக்கில், சின்னப் பிள்ளைகளுக்கு 250-ஐ ஒட்டியோ தாண்டியோ போகும். அதாவது ஒத்திகையில் மொத்தமாக 20 நிமிடம் குரல் கொடுத்தாலே மூன்று லட்சம் மோதல். சாதாரணக் குரல் என்றால் நாண்கள் தாங்கிக்கொள்ளும், ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். கத்தும்போது மோதலின் வேகம் கூடி, மோதுகிற இடம் வீங்குகிறது. ஓய்வில்லாமல் வாரக்கணக்கில் இதே கதை என்றால், தேயிலைக் கவாத்துக் கத்தி பிடித்த கை காய்த்துப்போவதுபோல அந்த இடம் தடித்து, இரண்டு பக்கமும் நேருக்கு நேராக முடிச்சு விழுகிறது. புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படாது, குரல் பயிற்சியிலேயே சரியாகும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் நாடகமும் முடிந்திருக்கும், பரீட்சையும் முடிந்திருக்கும்.

மலையில் இன்னொரு தொந்தரவு, தகரக் கூரை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றுவது அக்டோபர், நவம்பரில். ஒத்திகை சூடுபிடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் ஜூனிலேயே ஆரம்பித்துவிடும். தகரத்தில் மழை விழும் ஹாலில் முப்பது பிள்ளைகள் வசனம் பேசுவதைக் கேட்டுப்பாருங்கள், ஒருவரும் இயல்பான குரலில் பேச மாட்டார்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலேயே குரலை உயர்த்திவிடுகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் இதை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். "மெதுவாப் பேசு" என்று பிள்ளையிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, சத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். மழை பிடித்தால் வசனத்தை நிறுத்திவிட்டு யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் நுழைவது, ஆட்டம், உடை மாற்றம் இவற்றைப் பழகலாம். ஸ்பீக்கரில் பாட்டு ஓடுவதற்கும் இதே விதிதான். டிராக்கின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் கோரஸ் கத்துவதும் குறைந்துவிடும், காசு செலவில்லாத வைத்தியம்.

சுருதி விஷயமும் சொல்லிவிடுகிறேன். ரெடிமேட் டிராக்குகள் பல, பயிற்சி பெற்ற பெரியவர்கள் பாடுவதற்குச் செய்தவை. உச்சத்தில் பிள்ளைகளுக்குக் குரல் எட்டாது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். போனிலேயே ஆப் வைத்து அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கலாம். அப்படியும் எட்டாத பிள்ளைக்கு அந்த வரியை மட்டும் கீழ் ஸ்தாயியில் கொடுங்கள், அல்லது வாயசைக்கட்டும். கோரஸில் இருவர் வாயசைத்தால் நாடகம் ஒன்றும் கெட்டுவிடாது.

இனி நான் ஆசிரியர்களோடு அதிகம் மல்லுக்கட்டும் விஷயம். கதாநாயகிக்கு இனிமையான குரல் போதும். சூனியக்காரி, ராட்சசன், கரடி, கிழவன் எல்லாம் துணை வேடங்கள், இவர்களுக்கு "கேரக்டர் வாய்ஸ்" வேண்டும் என்பார்கள். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள், சூனியக்காரக் கிழவி வேடம். பேசிக் காட்டு கண்ணு என்றேன். தாடை முன்னால் வந்தது, தோள் காதுவரை ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, அப்புறம் கரகரவென்று ஒரு குரல். மூன்றாவது வரியில் இருமல். சாதாரணக் குரலில் "ஆ" என்று இழுக்கச் சொன்னால் ஆரம்பத்திலேயே காற்றாகப் போனது, நடுவில் உடைந்தது.

"உங்க பாட்டி எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டேன்.

"சத்தமாவே பேசமாட்டாங்க மிஸ். நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்க. நாமதான் பக்கத்துல போய்க் கேக்கணும்."

கிழவி கிடைத்துவிட்டாள். கரகரப்பு எதற்கு? அவள் சொந்தக் குரலின் உயரத்திலேயே பேசினோம். உதட்டைப் பல்லுக்குள் மடித்தால் பொக்கைவாய்ப் பேச்சு வந்துவிடுகிறது. கொஞ்சம் மூக்கால் பேசினால் வயதும் கூடுகிறது, குரல் தொலைவுக்கும் கேட்கிறது. கடைசிச் சொல்லை இழுக்க வேண்டும். முக்கியமாக, கைத்தடி. மேடைப் பலகையில் தடியை ஒரு தட்டு, சின்ன மௌனம், அப்புறம்தான் வசனம். தட்டின் சத்தத்தில் ஹாலே அடங்கிவிடும், அடங்கிய ஹாலில் கத்த வேண்டிய அவசியம் கிடையாது. டீச்சர் முதலில் "இன்னும் பயங்கரமா வேணும்" என்றாராம். தடியைத் தட்டிக் காட்டியதும் அவரே சரி என்றுவிட்டார். வயது, கோபம், பயம் எல்லாமே நடையிலும் நிறுத்தத்திலும் முதுகு வளைவிலும் பாதிக்கு மேல் வந்துவிடும். கரடி உறுமலைப் போனில் பதிந்து ஸ்பீக்கரில் விடலாம். ஊர்க்கூட்டக் கூச்சலுக்கு இரண்டு பேர் சத்தம் கொடுத்தால் போதும், மற்றவர்கள் கைதட்டட்டும், தகர டப்பாவைத் தட்டட்டும், நாலு அடி பறை அடித்தால் இன்னும் நல்லது.

எட்டாவது, ஒன்பதாவது பையன்களை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 12-லிருந்து 15 வயதுக்குள் பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. ஜூனில் பாட்டுக்குத் தேர்வு செய்த பையன் நவம்பரில் வேறு குரலில் நிற்பான், பாவம், நடுவில் உடைந்தால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். பழைய சுருதியில் பிடித்துவைக்க முயல வேண்டாம். பாட்டை எடுத்துவிட்டு வசனமாக்கிக் கொடுங்கள், அல்லது சுருதியை மறுபடியும் பார்த்து வையுங்கள். 16, 17 வயதாகியும் கீச்சுக்குரல் மாறவில்லை என்றால் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, கூச்சப்படாமல் அழைத்து வாருங்கள்.

அப்புறம் வீட்டு வைத்தியம். ஊட்டியில் தொண்டை என்று சொல்லி முடிப்பதற்குள் நீலகிரித் தைலம் வந்துவிடும். யூகலிப்டஸ் மரம் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது, அந்த எண்ணெய் இப்போது நம் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இது உள்ளே போகக் கூடாத எண்ணெய், சிறிதளவே விழுங்கினாலும் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம். ஆவியிலும் தைலம் வேண்டாம், வெறும் தண்ணீர் ஆவியே போதும், பாத்திரத்தைப் பிள்ளையின் மடியில் வைக்காமல் மேசையில் வையுங்கள். தேனும் கற்கண்டும் குரல்நாணில் படுவதே இல்லை, விழுங்குவது எல்லாம் பின்னால் இருக்கும் உணவுக்குழாய் வழியாகத்தான் போகிறது. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். மெந்தால் மிட்டாய் எனக்குப் பிடிக்காது. வலி மரத்துப்போவதால் பிள்ளை இன்னும் கத்தும்.

தண்ணீரும் அப்படித்தான். மேடையேறுவதற்கு முன் ஒரு பாட்டில் குடித்தால் நாண்களுக்குப் போய்ச் சேராது, உடம்பில் ஊறிப் போக நேரமாகும். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மலைக் குளிரில் பிள்ளைகளுக்குத் தாகமே எடுக்காது, நாம்தான் வெந்நீர் பாட்டிலைக் கையில் திணிக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ஊட்டிக் காற்று நன்றாகவே காய்ந்திருக்கும், இதில் ராத்திரி முழுக்க ரூம் ஹீட்டர் வேறு ஓடினால் காலையில் தொண்டை வறண்டுவிடும். சளிக்குக் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் மருந்துகளும் வறட்சியைக் கூட்டும். ராத்திரி எட்டரைக்கு ஒத்திகை முடிந்து வந்து பஜ்ஜியும் டீயுமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் புளித்த அமிலம் தொண்டைவரை ஏறும். படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

வார்ம் அப் என்றால் உச்சஸ்தாயியில் கத்திப் பார்ப்பது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். நான் கொடுப்பது ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீர், அதில் ஸ்ட்ராவை இரண்டு விரல் அளவு மட்டும் விட்டு, "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விட வேண்டும், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. ஸ்ட்ராவின் எதிர்ப்பு நாண்களின் மேல் பின்னழுத்தம் கொடுப்பதால் அவை இறுக மோதாமல் அதிர்கின்றன. ஐந்து நிமிடம் போதும். நாடகம் முடிந்த பிறகும் ஒரு முறை செய்யலாம். ஒத்திகைகளில் முழுக்குரல் எப்போதும் வேண்டியதில்லை. தேர்ந்த பாடகர்களே ஒத்திகையில் பாதிக்குரலில்தான் பாடுவார்கள், பிள்ளைகளிடம் மட்டும் தினமும் முழுக்குரல் கேட்பது என்ன நியாயம்? குரல் போன நாளில் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. ஒத்திகை முடிந்து பள்ளிப் பேருந்தில் மலையிறங்கும்போது எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசும் பிள்ளை அந்த ஓய்வைத் தொலைத்துவிடுகிறது, அதே வாரத்தில் விளையாட்டு விழாவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சளியோடு வரும் தொண்டைக்கட்டு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போகும், பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. நான்கு வாரம் ஆகியும் குரல் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்த்தே ஆக வேண்டும், மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார், வலி அதிகம் இருக்காது. மூச்சு விடும்போது சத்தம், விழுங்க முடியாமை, ரத்தம், கத்திக்கொண்டிருக்கையில் பட்டென்று குரல் நின்றுபோவது, இவற்றுக்கு நான்கு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போங்கள். வீசிங்குக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைகளுக்கு அந்த மருந்தாலேயே குரல் கம்மலாம். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள், ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய்) வைத்து எடுத்து, எடுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.