பீடித்தட்டும் தோள்பட்டை உளைச்சலும்

முக்கூடலில் என் பெரியம்மை பீடி சுற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காலை நீட்டி, மடியில் தட்டை வைத்துத் தலையைக் குனிந்தால் மணிக்கணக்கில் அப்படியே இருப்பாள். விரல்கள் மட்டும் பறக்கும். இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி, உடனே அடுத்த இலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்திருக்க மனசு வராது. சாயங்காலம் ஆனால், "ஏல, தோள்பட்டை ரெண்டும் கல்லு மாதிரி கெடக்கு, ஒரே உளைச்சல்" என்பாள்.

ஒரு பீடி ஒரு கிராம்கூட இருக்காது. அப்புறம் எதற்குத் தோள் வலிக்கிறது?

அவள் சுமப்பது தன் தலையை. அதன் எடை நான்கைந்து கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பே அதைத் தாங்கிக்கொள்ளும். குனிந்தால் தலை முன்னால் சரியப் பார்க்கும். அதை விழாமல் இழுத்துப் பிடிப்பது பின்கழுத்துத் தசைகள். அவற்றில் பெரியது டிரப்பீசியஸ். பின்மண்டையில் தொடங்கி, இரு தோள்முனைக்கும் விரிந்து, நடுமுதுகு வரை காற்றாடி போல இறங்குகிறது.

நடக்கும்போது கால் தசை இறுகும், தளரும். தளரும் நேரத்தில் ரத்தம் பாய்ந்து கழிவை அடித்துக்கொண்டு போகும். குனிந்தே இருக்கும் கழுத்துக்குத் தளரும் நேரமே கிடையாது. இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. தேங்கும் வேதிப்பொருட்கள் நரம்பு முனைகளை உறுத்துகின்றன.

லேசான வேலைக்குத் தசை தன் எல்லா இழைகளையும் கூப்பிடுவதில்லை. சிறிய இழைகளைத்தான் முதலில் எழுப்பும்; கடைசியில் ஓய்வதும் அவைதான். இந்த இழைகளே முதலில் நோகின்றன என்று சுவீடன் ஆய்வாளர் ஹேக் 1991இல் ஒரு விளக்கம் சொன்னார். வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் கதைப்பெண் சிண்ட்ரெல்லாவின் பெயரை அதற்கு வைத்தார். படித்ததும் எனக்குப் பெரியம்மை முகம்தான் வந்தது.

நம் ஊரில் இதை வாயுப் பிடிப்பு என்பார்கள், வலி ஓடுவதால். தோளில் அமுக்கினால் பொட்டில் தெறிக்கும். ஓடுவது வாயு இல்லை. பல இடங்களின் நரம்புச் செய்திகள் தண்டுவடத்தில் ஒன்றாகச் சேர்வதால், வலி எங்கிருந்து கிளம்பியது என்று மூளை தடுமாறுகிறது.

சரி, என்ன செய்யலாம்? தைலம் தேய்த்தால் சுகம்தான்; ஆனால் மறுநாளும் அதே குனிவு என்றால் வலி திரும்பி வரும். தசைக்கு வேண்டியது அடிக்கடி கொஞ்சம் தளர்வு. பெரியம்மை இப்போது சில கட்டு முடிந்ததும் தட்டை இறக்கி வைக்கிறாள். தோள்களைக் காது வரை தூக்கித் தொப்பென்று விடுகிறாள். கையை மேலே நீட்டி, தோள்பட்டை எலும்புகளை முதுகுப் பக்கம் நெருக்குகிறாள். ஒரு நிமிஷம் போதும். சுவரில் முதுகைச் சாய்த்து, தட்டுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்தியதில் குனிவும் குறைந்தது. ராத்திரி தவிட்டு ஒத்தடம், தோல் பொறுக்கும் சூட்டில் கால்மணி நேரம். நடுமுதுகு, இடுப்பு வலிக்கும் இதே கணக்குதான். நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் இன்னும் இறுகும்.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து சாமான் நழுவினாலோ, வலியோடு காய்ச்சலோ மெலிவோ இருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். கால் வலுவிழந்தாலும் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் அன்றைக்கே போக வேண்டும். நெஞ்சு இறுக்கி, வியர்த்து, இடது தோளுக்கு வலி இறங்கினால் அது மாரடைப்பாக இருக்கலாம். வாயு என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.