லாகர்: கிடங்கில் கிடந்து வந்த சொல்

பீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் தாளில், பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘லாகர்’ என்று போட்டிருக்கும். கிங்ஃபிஷரிலும் ஹைனெக்கனிலும் பார்க்கலாம். போதை குறைந்த பீர் என்று சிலரும், உயர்ந்த ரகம் என்று சிலரும் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. அது பீரைச் செய்யும் முறையின் பெயர்.

சொல் ஜெர்மானியது. ‘லீகன்’ என்றால் கிடத்தல். அதன் உறவான ‘லாகர்’ என்ற சொல்லுக்குப் படுக்கை, பாசறை, கிடங்கு என்று மூன்று பொருளும் உண்டு. தமிழிலும் ‘கிட’ என்ற ஒரே வேரிலிருந்துதானே கிடக்கை, ஆட்டுக்கிடை, கிடங்கு மூன்றும் வந்தன? இரண்டு மொழிகளும் ஒரே வழியில் யோசித்திருப்பது எனக்குத் தீராத வியப்பு.

ஜெர்மனியின் பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பீர் சீக்கிரம் கெட்டுப்போனது. 1553இல் வந்த ஆணை, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்றது. கோடைக்கு வேண்டியதைக் குளிர்ந்த நிலவறைகளில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடத்தினார்கள். ஈஸ்ட் என்பது சர்க்கரையை மதுவாக்கும் நுண்ணுயிர். அந்தக் குளிரிலும் வேலை செய்யும் ஈஸ்ட் வகை நிலைத்தது. அது நொதித்து முடித்துத் தொட்டியின் அடியில் படியும். பச்சை வாடை போய்ப் பீர் தெளியும். இதுதான் லாகர்.

இன்றைய பெரிய நிறுவனங்களான கார்ல்ஸ்பெர்க், ஹைனெக்கன், ஏபி இன்பெவ் இந்தக் கிடங்கிலிருந்து எழுந்தவையே. ஆனால் மூன்றும் மூன்று குணம். டென்மார்க்கில் பீர் காய்ச்சிவந்த யாகோப்சன் 1845இல் மியூனிக்கிலிருந்து ஈஸ்டைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தார் என்பார்கள். 1847இல் கார்ல்ஸ்பெர்க் பிறந்தது. 1883இல் அதன் ஆய்வகத்தில் விஞ்ஞானி ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தார். நிறுவனம் அதைப் பூட்டி வைக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தது. பள்ளியில் அமிலம், காரம் படிக்கும்போது வரும் பி.எச். அளவுகோலும் 1909இல் அதே ஆய்வகத்தில் பிறந்ததுதான். என் மனம் இந்த நிறுவனத்தின் பக்கமே சாய்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் 1864இல் தொடங்கிய ஹைனெக்கன், 1870 வாக்கில் லாகருக்கு மாறியது. 1886இல் விஞ்ஞானி எலியோன் பிரித்தெடுத்த ‘ஏ-ஈஸ்ட்’தான் இன்றும் அதன் தனி அடையாளம். இந்தியாவில் கிங்ஃபிஷரைத் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீசில் பெரும்பான்மைப் பங்கும் 2021 முதல் இதனிடம் இருக்கிறது.

ஏபி இன்பெவ் வளர்ந்தது வேறு வழியில், வாங்கி வாங்கி. 2004இல் பெல்ஜியத்தின் இன்டர்புரூவும் பிரேசிலின் ஆம்பெவும் சேர்ந்து இன்பெவ் ஆனது. 2008இல் பட்வைசரின் சொந்தக்காரரான அன்ஹைசர்-புஷ்ஷையும், 2016இல் எஸ்ஏபி மில்லரையும் அது வாங்கியது. இன்று ஆண்டுக்கு 5,000 கோடி லிட்டருக்கு மேல் விற்கிறது. ஹைனெக்கன் விற்பது அதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் பட்வைசர், ஹைனெக்கன், கார்ல்ஸ்பெர்க் மூன்றும் லாகர்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கிடங்கு பீர்’ என்றால் மூலச்சொல்லின் அர்த்தம் வரும், ஆனால் மூட்டை அடுக்கிய இடம்தான் கண்முன் நிற்கும். நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: தேறல். தேறு என்றால் தெளி. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையும் இந்தக் குடும்பம்தான். புறநானூற்றில் கபிலர், பாரியின் நாட்டைப் பற்றிப் பாடும்போது ‘நிலம்புதைப் பழுநிய மட்டின் தேறல்’ என்கிறார். மண்ணுக்குள் புதைத்து, முதிரவிட்டு, தெளிந்த கள். பவேரிய நிலவறையின் குளிர் பறம்பு மலையில் இல்லைதான், பார்லியும் இல்லை. ஆனால் கிடத்தல், முதிர்தல், தெளிதல் மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன.

பீரை ‘வடிப்பதாக’ எழுதுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். ஆவியாக்கி வடிப்பது சாராயம், விஸ்கி. பீர் காய்ச்சி நொதிக்க வைப்பது. அதற்குப் பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்’ என்ற ஆட்சி உண்டு, அதாவது வீட்டில் அட்ட, காய்ச்சிய கள். ஆகவே அடுதல் என்ற வினை போதும்.

கறுப்பு லாகரும் உண்டே, அது எப்படித் தேறல் ஆகும் என்று கேட்கலாம். மியூனிக்கின் ‘டுங்கெல்’ அப்படிப்பட்டதுதான். அதன் கருமை வறுத்த தானியத்தால் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கலங்கல் இருக்காது. தேறல் என்பது நிறத்தின் பெயர் இல்லை.