ரிஷபம் உரசும் இடம்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் படியேறும்போது உறுமி மேளத்தின் முனகல் காதைவிட நெஞ்சில்தான் முதலில் விழும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க ஒலி மேலும் கீழும் வழுக்குகிறது. மனிதத் தொண்டையின் தேம்பலும் இப்படித்தான் வழுக்கும். சினிமாவின் சோகக் காட்சியில் வயலின் சுரத்துக்குச் சுரம் தாவாமல் இழைந்து இறங்குவது இதனால்தான். கர்நாடக இசையில் இந்த இழைவுக்கு ஜாரு என்று பெயர்.

ஆனால் எனக்குப் பெரிய வியப்பு சுரங்களுக்கு இடையிலான தூரம்தான். கீபோர்டின் நடு 'சி' கட்டையை ஸட்ஜமாக, அதாவது 'ச' என்று கொள்ளுங்கள். வினாடிக்குச் சுமார் 262 அதிர்வுகள். வலப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டை சுத்த ரிஷபம், அதாவது 'ச'வுக்கு மிக நெருங்கிய 'ரி', சுமார் 277. இரண்டையும் சேர்த்து அழுத்தினால், ஒலி வினாடிக்குப் பதினைந்து முறைக்கும் சற்று அதிகமாகப் பெருத்துச் சிறுக்கும். உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட குழாய்க்குள் ஒரு சவ்வு இருக்கிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணும் அதில் ஓரிடத்தை உலுக்கும். இவ்வளவு நெருங்கிய இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தை உலுக்குவதால் காது அவற்றைப் பிரிக்கத் திணறுகிறது. அந்தத் திணறலே சொரசொரப்பு. மனித அலறலிலும் இதே சொரசொரப்பு உண்டு, இன்னும் வேகமாக: வினாடிக்கு 30 முதல் 150 முறை.

இப்போது ராகங்களைப் பாருங்கள். மோகனத்தில் எந்த இரு சுரமும் அரைச்சுர நெருக்கத்தில், அதாவது இப்படி ஒட்டிய கட்டைகளில், இல்லை. சினிமா சோகத்துக்குத் திரும்பத் திரும்ப நாடும் சுபபந்துவராளியில் அப்படி நான்கு இடங்கள்: ச-ரி, ம-ப, ப-த, நி-ச. தம்புரா ஸட்ஜத்தை விடாமல் மீட்ட, பாடுபவர் ரிஷபத்தில் நின்றால் உரசல் தீராது. 'நி' என்னும் நிஷாதத்தில் நிறுத்திக் காட்சியை வெட்டினாலோ, மேல் ஸட்ஜத்துக்காக மனம் காத்துக்கொண்டே இருக்கும். நல்ல இசையமைப்பாளர் அந்த ஸட்ஜத்தை எளிதில் தருவதில்லை.

எல்லாமே காதின் வேலை என்று சொல்லிவிட முடியாது. ஷெனாய் வடஇந்தியத் திருமணங்களின் மங்கல வாத்தியம். தமிழ்ப் படங்களோ அதைச் சாவு வீட்டில் அமர்த்திவிட்டன. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த இங்குள்ள நமக்கு அதன் முதல் இழுப்பிலேயே கண் கலங்குகிறது. பழக்கம் அத்தனை வலியது.

தாளமும் அப்படியே. தண்ணீர்மலையில் அந்த முனகலுக்குக் கீழே தாள அடி விரைவாக விழுகிறது, சுற்றிலும் 'வேல் வேல்' முழங்குகிறது. தேம்பலின் அதே வழுக்கலைக் கேட்டு அங்கே யாரும் அழுவதில்லை. காவடி ஆடத் தொடங்குகிறது.