ஹார்மோன் என்னும் இயக்குநீர்

கிரேக்கத்தில் 'ஹோர்மாவோ' என்றால் உசுப்பிவிடுகிறேன், கிளப்பிவிடுகிறேன் என்று பொருள். ஹார்மோன் அதிலிருந்து பிறந்த சொல். 1905-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இதைப் பயன்படுத்தினார்.

சொல் பிறக்கும் முன்பே அது குறிக்கும் சுரப்பு கிடைத்துவிட்டது. 1902-இல் ஸ்டார்லிங்கும் வில்லியம் பேலிஸும் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதற்குள் அமிலம் விட்டார்கள். நரம்புத் தொடர்பு இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது. சரி, சேதி எப்படிப் போனது? குடலின் உள்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி இரத்தத்தில் ஏற்றினார்கள். கணையம் மறுபடியும் சுரந்தது. இரத்தத்தோடு போய் வேறோர் உறுப்பை வேலை வாங்கும் அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயரிட்டார்கள். இப்படிப்பட்ட பொருள்களுக்குத்தான் பின்னர் ஹார்மோன் என்ற பொதுப்பெயர் வந்தது.

ஹார்மோனைத் தமிழில் 'வளரூக்கி' என்றும் எழுதுகிறார்கள். வளர்ச்சி ஹார்மோனுக்கு அது பொருந்தும்; சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும் இன்சுலினுக்கு எப்படிப் பொருந்தும்? இலங்கைப் பாடநூல்களில் 'ஓமோன்', அது ஒலிபெயர்ப்பு. என் தேர்வு 'இயக்குநீர்'. கிரேக்க மூலத்தின் கருத்து அதில் அப்படியே இருக்கிறது. உமிழ்நீர், பித்தநீர் வரிசையில் நாக்கிலும் எளிதாக உட்காருகிறது.

இயக்குநீரைப் பெரும்பாலும் சுரப்பவை நாளமில்லாச் சுரப்பிகள். செவிலிய மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய சொல் இது. இரத்தக் குழாயையும் நாளம் என்கிறோம் அல்லவா? அதனால் இரத்தக் குழாயே இல்லாத சுரப்பி என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே நாளம் என்பது சுரந்ததை வெளியே கொண்டுபோகும் தனிக்குழாய். கணையத்தைப் பாருங்கள்: செரிமான நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது, இன்சுலினை நேரே இரத்தத்தில் விடுகிறது. தனிக்குழாய் இல்லாததால்தான் இந்தச் சுரப்பிகளில் இரத்த ஓட்டம் மிக அதிகம்.

கழுத்தில் இருக்கும் தைராய்டும் இப்படியொரு சுரப்பிதான்; அதில் அறுவை செய்தபின் இந்த இரத்த ஓட்டம் கைமேல் தெரியும். கழுத்தின் முன்பக்கக் கட்டு காய்ந்திருக்கலாம். படுத்திருப்பவருக்கு இரத்தம் பின்னால் வழிந்து தேங்கும். பிடரிக்கு அடியில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்து வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.