குழாய்க்கு மேலே யார், கீழே யார்?

சிங்கப்பூரின் மத்திய நீர்ப்பிடிப்பு வட்டாரக் காட்டில் நடைபாதைக்கு அடியில் ஓடும் ஒரு சிற்றோடை. பாதையைத் தாண்டுவதற்காக எப்போதோ ஒரு கான்கிரீட் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாய் முடியும் இடத்தில் மண் அரித்துப் போனதால் தண்ணீர் அந்தரத்திலிருந்து கீழே விழுகிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: 28 சென்டிமீட்டர். நடப்பவர்கள் கண்ணில்கூடப் படாது.

கீழே இருந்த குட்டையில் கைவலை போட்டோம் (அனுமதி வாங்கித்தான், வனப்பகுதிக்குள் யாரும் வலையோடு போய்விட வேண்டாம்). சேடில் பார்ப் என்று நாங்கள் சொல்லும் சின்னக் கெண்டைகள் ஒரு டஜனுக்கு மேல் வந்தன. முதுகுத் துடுப்புக்குக் கீழே கறுப்புத் திட்டு இருக்கும், நம் ஊர் ஓடைகளின் பூர்வீக மீன். குழாய்க்கு மேலே போய் அரை மணி நேரம் அலசினோம். இறால்கள் கிடைத்தன. ஒரு குட்டி விரால் கிடைத்தது. கெண்டை ஒன்றுகூட இல்லை.

விராலுக்குக் குழாய் வாயில் இருக்கும் இந்தப் படி ஒரு பொருட்டே இல்லை. காற்றைச் சுவாசிக்கும், மழை நாளில் ஈரத் தரையில் நெளிந்து போய்விடும். பனையேறிக் கெண்டை இன்னும் கில்லாடி, பெயரே சொல்கிறது. மற்ற மீன்கள் அப்படியல்ல. சிங்கப்பூர் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரை மணி நேரக் கொட்டலில் ஓடை பொங்கி, சின்ன மீன்களை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்ததும் அவை திரும்பி ஏற வேண்டும். ஏற முடியாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் மேல் ஓடை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். படி இல்லாத குழாயும் தடையாகலாம். வழுவழுப்பான கான்கிரீட்டில் தண்ணீர் இரண்டு விரல்கடை ஆழத்தில் விரைந்து ஓடும். மீன் நின்று மூச்சு வாங்க ஒரு கல்கூட இருக்காது.

மீன் ஏறிப் போக ஓடைத் தடைகளை நீக்கும் வேலையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் டிரவுட் மீன்தான். குளிர்ந்த நீரில் வாழ்வது. முட்டையிடச் சரளைக்கல் படுகை தேடி மேலே போகும், கோடையில் குளிர்ச்சி தேடிக் கிளையோடைகளுக்குள் நுழையும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், எல்வா ஆற்றை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மறித்திருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள். ஒன்று 33 மீட்டர், இன்னொன்று 64 மீட்டர். புல் டிரவுட் (bull trout) என்ற மீன் மேலே ஏறியது. படங்களில் பிரமாதமாகத்தான் இருக்கிறது. என் மனத்தில் நிற்பது வேறொரு கணக்கு: ஐரோப்பாவின் 36 நாடுகளில் ஆற்றுத் தடைகளை எண்ணிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. குறைந்தது 12 லட்சம் தடைகள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. டிரவுட் ஓடைகளில் பெருமளவு நடப்பதும் சின்ன வேலைதான்: ஒடுங்கிய குழாயைப் பிடுங்கிவிட்டு, ஓடையைவிட அகலமான, அடிப்பகுதி திறந்த வளைவுப் பாலம் வைப்பது. கல்லும் மணலும் பாலத்துக்கு அடியில் அப்படியே தொடரும். மேலே சாலை இருப்பது மீனுக்குத் தெரியவே தெரியாது.

அதற்காக எல்லாத் தடையையும் உடைத்துவிடலாமா? நான் ஒருமுறை அப்படித்தான் எழுதினேன். காட்டோரத்தில் இருந்த ஒரு சிறு தடுப்பை எடுத்துவிடலாம் என்று அறிக்கையில் பரிந்துரைத்தேன். கூட வேலை பார்த்த அக்கா படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “தம்பி, தடுப்புக்குக் கீழ இறங்கிப் பாத்தியா?” பார்க்கவில்லை. மறுநாள் போனால் கீழே கப்பி, திலாப்பியா என்ற வெளியூர் மீன்கள் மொய்த்துக் கிடந்தன. எல்லாம் யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டவை. உள்ளூர் மீன்களுக்கு அந்தத் தடுப்புதான் கதவு. நான் தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்திருக்கிறேன்.

டிரவுட்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. புரூக் டிரவுட், வட அமெரிக்காவின் கிழக்கே மண்ணின் மைந்தன். மேற்கே கொண்டுபோய் விட்டபோது அங்குள்ள கட்த்ரோட் டிரவுட்டை விரட்டிவிட்டது. அதனால் மேற்கே சில ஓடைகளில் வேண்டுமென்றே தடுப்பு கட்டி வைத்திருக்கிறார்கள். நீலகிரியில் டிரவுட் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அதுவும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த விருந்தாளிதான்.

இங்கே சிங்கப்பூரில், பீஷான் பூங்காவில் காலாங் ஆற்றைப் பார்க்கும்போதும் இது நினைவுக்கு வரும். 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாகத் திறக்கப்பட்டது. உடைத்த கான்கிரீட்டைக் கொண்டே பூங்காவில் ஒரு மேடு எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் அங்கே திரியும் நீர்நாய் வாயில் கவ்வியிருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பல நேரம் திலாப்பியாவாகவே இருக்கும். கரையை மாற்றுவது பொறியாளர் வேலை. நீருக்குள் யார் இருப்பது என்பதில் நம் எல்லாருக்கும் பங்கிருக்கிறது. வீடு மாறும்போது மீன்தொட்டியை லோங்காங்கில் (வடிகாலில்) கவிழ்ப்பது, விசாக தினத்தன்று புண்ணியம் என்று மீன் விடுவது இரண்டும் சட்டப்படியும் தவறு. தொட்டி மீனை வேறு வீட்டுக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். காட்டோடையில் பிள்ளைகள் கல் அடுக்கி அணை கட்டினால், கிளம்பும் முன் கலைத்துவிடச் சொல்லுங்கள்.

அந்த 28 சென்டிமீட்டர் குழாய்க்கு வருகிறேன். இந்த முறை முதலில் கீழேதான் இறங்கினோம். நீர்த்தேக்கம் வரை இல்லாவிட்டாலும், அடுத்த அருவிப்படி வரை மூன்று தடவை அலசியதில் வெளியூர் மீன் எதுவும் சிக்கவில்லை. குழாயைப் பெயர்த்தால் நடைபாதை போய்விடும் என்பதால், வாய்க்குக் கீழே கற்களைச் சரிவாக அடுக்கிக் குட்டையின் நீர்மட்டத்தை உயர்த்தினோம். உள்ளேயும் சில கற்களைப் பதித்தோம். மழைக்காலம் முடிந்து குழாய்க்கு மேலே வலை போட்டபோது இரண்டு கெண்டைகள் வந்தன. சுண்டுவிரல் நீளம்தான். அளந்து, படம் எடுத்து, அதே இடத்தில் விட்டோம்.