கம்பேக்: தமிழ்ல எப்படி சொல்லலாம்?

கம்பேக்ங்கற வார்த்தைய நாம இப்ப எல்லாத்துக்கும் போட்டுடறோம், ரெண்டு வருஷம் படம் பண்ணாத ஹீரோ நடிச்சா கம்பேக், காயம் ஆறி வந்த பௌலர் ரெண்டு விக்கெட் எடுத்தா செம கம்பேக். இங்கிலீஷ்ல 'கம்'னா வா, 'பேக்'னா திரும்ப, ரெண்டையும் ஒட்டவெச்ச பெயர்ச்சொல்தான் இது. யாராவது சீண்டினா சுடச்சுட குடுக்கற பதிலடிக்கும் அங்க இதே பேருதான். ஆனா நாம எடுத்துக்கிட்டது, இருந்த இடத்துல இருந்து இறங்கினவங்க திரும்ப அதே இடத்துக்கு ஏறி வர்றதுங்கற அர்த்தத்த. இறங்கியிருக்கணும், அதுதான் முக்கியம், சும்மா லீவு போட்டுட்டு வந்தா அது கம்பேக் இல்ல.

மெட்டல்ங்கற அந்த கனமான ராக் இசைய கேக்கறவங்களுக்கு இதுக்கு சட்டுனு ஞாபகம் வர்றது பிளாக் சப்பாத்ங்கற பிரிட்டிஷ் பேண்டோட '13'ங்கற ஆல்பம், 2013 ஜூன்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இவங்களோட பாடின முழு ஸ்டுடியோ ஆல்பம் 1978ல, நடுவுல 35 வருஷம். '13'க்கான வேலை ஆரம்பிச்ச நேரத்துலதான், 2012 தொடக்கத்துல, கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய்னு தெரிஞ்சுது, மனுஷன் சிகிச்சைக்கு நடுவுல ரிஃப், அதாவது பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு, போட்டுக்கிட்டு இருந்தாரு. டிரம்மர் பில் வார்டு ஒப்பந்தத் தகராறுல வரல, அவருக்கு பதிலா பிராட் வில்க் வாசிச்சாரு.

பிரிட்டன்ல 1970க்கு அப்புறம் மறுபடி நம்பர் 1, அமெரிக்காவுல இவங்களுக்கு கிடைச்ச முதல் நம்பர் 1ம் இதுதான். விமர்சகர்கள் நிறைய பேர் நல்லாவே எழுதினாங்க. பில் வார்டோட அந்த ஜாஸ் பாணி டிரம்ஸ் இல்ல, மெதுவான சத்தம் பெரிய சத்தம்ங்கற வித்தியாசமே இல்லாம ஒரேயடியா அமுக்கி வெச்சிருக்காங்க, பழைய ஆல்பத்தையே திரும்பப் போட்டிருக்காங்கன்னு குறையும் வந்துச்சு. முதல் ரெண்டும் நியாயம்தான். மூணாவத நான் ஒத்துக்க மாட்டேன். 1970ல வந்த அவங்க முதல் ஆல்பம் மழை, இடி, தூரத்துல அடிக்கற சர்ச் மணியோட ஆரம்பிக்கும், '13'ல கடைசிப் பாட்டு முடிஞ்சதும் கிட்டார் அடங்கி அதே மழை, அதே இடி, அதே மணி. ஹெட்போன் போட்டு ராத்திரில கேட்டுப் பாருங்க, காப்பின்னு சொல்ல வாய் வராது, கிளம்பின வாசலுக்கே வந்து நிக்கறாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. மறுபிரவேசம்னு எழுதறாங்க, அது ரீஎன்ட்ரிக்குத்தான் பொருந்தும், உள்ள வந்தான்னு மட்டும் சொல்லுது. மறுவருகையில இன்னொரு தடவை வந்தாங்கறதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எனக்கு மீள்வரவுதான் சரி. மீள்ங்கற வினையில திரும்பறதும் இருக்கு, ஒரு கஷ்டத்துல இருந்து தப்பி வெளிய வர்றதும் இருக்கு. கடன்ல இருந்து மீண்டான், நோயில இருந்து மீண்டான்னு சொல்றோம், அடகு வெச்ச நகைய மீட்டான்னு சொல்றோம். வீணைய மீட்டினாங்கறது வேற வினை, அத இதோட குழப்பிக்க வேணாம், ஆனா கிட்டார் வாசிச்சு மீண்டு வந்தவருக்கு இந்த ஒலி ஒற்றுமை அழகாத்தான் இருக்கு. அயோமி செஞ்சது வெறும் வருகை இல்ல, மீண்டு வந்தது.

2025 ஜூலை 5, அவங்க ஊரான பர்மிங்காம்ல வில்லா பார்க் மைதானத்துல நடந்த கச்சேரியில பில் வார்டும் டிரம்ஸ்ல வந்து உக்காந்தாரு, ஆரம்பத்துல இருந்த நாலு பேரும் ஒண்ணா வாசிச்சாங்க, ஆஸி சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில உக்காந்தே பாடினாரு. 17 நாள் கழிச்சு ஆஸி போயிட்டாரு.